குடைப் படத்தைத் தொட்டு நான் ஆடிய ஏழு ஆட்டங்கள்

புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியைகள் நால்வர் சென்ற மாதம் என்னை வந்து பார்த்தனர். அவர்களுடைய பள்ளிகளுக்கு டேப்லெட்டுகள் வந்திருக்கின்றன. குழந்தைகள் தினமும் அதில் கணக்கு விளையாட வேண்டும் என்பது ஆணை. விளையாடினால் வாய்பாடு வந்துவிடுமா என்று கேட்டார்கள். வரும் என்றேன். அடுத்த கேள்விக்குத்தான் என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. மாத முடிவில் எல்லாக் குழந்தைகளும் பச்சை நிறத்தில் இருக்க வேண்டும் என்கிறார்களே, ஒன்றிரண்டு குழந்தைகள் விடுபட்டுப் போனால் என்ன செய்வது என்று அவர்களில் இளையவர் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். மற்ற மூவரும் சிரிக்கவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

முப்பத்தாறு ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தேன். இரண்டாண்டுப் பயிற்சி, பிறகு வாழப்பாடிக்கு அப்பால் ஓர் ஓராசிரியர் பள்ளி, மேட்டூரில் நீண்ட காலம், கடைசி ஒன்பது ஆண்டுகள் ராசிபுரத்தை ஒட்டிய நெசவாளர் குடியிருப்பில் தலைமை ஆசிரியர். இவற்றில் சொல்லத்தக்கது ஒன்றுதான். நான் வாய்பாட்டைப் பதிகம் போலக் கற்பித்தேன். ஐந்து வயதில் பதிகம் ஓதத் தொடங்கியவன் நான். முதல் அடியைப் பற்றிக்கொண்டால் கடைசி அடிவரை நாவே அழைத்துச் செல்லும் என்பது என் அனுபவம். ஆகவே ஓரேழ் ஏழு, ஈரேழ் பதினான்கு என்று குழந்தைகளையும் இராகம் போட்டு ஓத வைத்தேன். என் வகுப்பு ஓதுவதைக் கேட்கச் சாலையில் போகிறவர்கள் நின்றதுண்டு. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

எங்கள் பள்ளிக்கு டேப்லெட்டுகள் எட்டு வந்தபோதுதான் அந்தப் பெருமையில் முதல் விரிசல் கண்டது. விளையாட்டு எளியது. திரையில் ஒரு லாரி மலையேறும். பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் ஒரு கணக்கு நிற்கும். சரியான விடையை நேரத்துக்குள் தொட்டால் லாரி வளைவைக் கடக்கும். தவறினால், அல்லது நேரம் கடந்துவிட்டால், ஒரு வளைவு கீழே சரியும். ஐந்து நிமிடத்தில் ஆட்டம் முடிந்துவிடும்; உச்சிக்கு ஏறாத லாரி அடுத்த முறை நின்ற வளைவிலிருந்தே தொடங்கும். எங்கள் குழந்தைகள் அதைக் கொல்லிமலை என்றே சொன்னார்கள். பாதிப் பேருடைய உறவில் யாராவது ஒருவர் லாரி ஓட்டுகிறவராக இருந்ததால் அவர்களுக்கு அதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

முதல் நாள் நான் கண்டது இது. ‘எட்டேழ்’ என்று திரையில் வந்ததும் குழந்தைகள் கண்ணை மூடி ஓரேழிலிருந்து முணுமுணுக்கத் தொடங்கினார்கள். ஐயேழ் முப்பத்தைந்து என்று வருவதற்குள் லாரி சரிந்துவிட்டது. அவர்களுக்கு வாய்பாடு தெரியும். ஆனால் வரிசையை விட்டு வெளியே எடுத்தால் தெரியாது. எந்தப் பதிகத்திலும் ஏழாம் பாட்டு எது என்று திடீரென்று கேட்டால் நானும் முதல் பாட்டிலிருந்து ஓடி வந்துதான் சொல்வேன். என் குறையையே நாற்பது குழந்தைகளுக்கும் ஊட்டியிருந்தேன்.

நான்காம் ஐந்தாம் வகுப்புகளை எடுத்த பரிமளா டீச்சர்தான் அந்த விளையாட்டின் உள்ளோட்டத்தை எனக்கு விளக்கியவர். திருச்செங்கோட்டுக்காரர், நாக்கு கூர்மையானவர், வேலையில் என்னைவிடக் கூர்மையானவர். அவர் சொன்னது இதுதான். அந்த விளையாட்டு எல்லாக் குழந்தைக்கும் ஒரே நேரம் வைப்பதில்லை. மெதுவாகச் சொல்லும் குழந்தைக்குப் பத்து நொடி வரை காத்திருக்கும். தெரிந்த கணக்குகளுக்கு நடுவே புதியதை ஒன்றிரண்டாகத்தான் கலக்கும். தவறினால் விடையைக் காட்டிவிட்டு, மூன்று கணக்கு கழித்து அதையே மறுபடி கேட்கும். குழந்தை விரைவாகச் சொல்லச் சொல்லத்தான் காத்திருக்கும் நேரத்தைக் குறைக்கும். அதாவது ஒவ்வொரு குழந்தையின் கையையும் அது தனித்தனியே பிடித்துக்கொண்டு நடக்கிறது. அதைக் கேட்டபோது நல்லது என்று நினைத்தேன். அது பிடித்திருப்பது அந்தக் குழந்தையின் கைதானா என்று பார்க்க அதற்குக் கண் இல்லை என்பதை நினைக்கவில்லை.

நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டுகள் என் அறை பீரோவில் இருக்கும். காலையில் எட்டையும் எடுத்துத் துடைத்து வரிசையாக வைப்பேன். குழந்தைகள் எட்டெட்டுப் பேராக வருவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு படம் உண்டு. மயில், கிணறு, குடை என்று அவர்களே தேர்ந்தெடுத்தது. படத்தைத் தொட்டால் அந்தக் குழந்தையின் ஆட்டம் திறக்கும். வேறு பூட்டு எதுவும் கிடையாது. மாதத்துக்கு ஒவ்வொரு குழந்தையும் பன்னிரண்டு ஆட்டம் முடிக்க வேண்டும். கடைசி வெள்ளி மாலை நான்கு மணிக்கு, சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான என் அறைச் சன்னலில் டேப்லெட்டுகளை வைத்தால் விவரங்கள் மேலே ஏறும். முடித்தவர் பச்சை, பாதியில் நிற்பவர் மஞ்சள், மற்றவர் சிவப்பு; ஒரு குழந்தை பின்தங்கினாலும் பள்ளிக்கு மஞ்சள்.

அந்த நிறங்களை எல்லாம் பார்ப்பவர் எங்கள் வட்டாரக் கல்வி அலுவலர் சாரதாமணி அம்மையார். ஆத்தூர்ப் பக்கத்தவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தலைமை ஆசிரியர் கூட்டத்தில் நாம் பேசத் தொடங்கும்முன் வெள்ளைத் தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். நாம் சொல்வதை இடப்புறம் எழுதுவார். பிறகு தலை நிமிராமல் ஒன்றே ஒன்று கேட்பார்: “யார் பாத்தது?” எல்லாக் குழந்தையும் மதிய உணவு உண்டது என்றால், யார் பாத்தது. கழிப்பறை கழுவப்பட்டது என்றால், யார் பாத்தது. பெயர் சொன்னால் வலப்புறம் எழுதுவார். ‘நான் கேள்விப்பட்டேன்’ என்றால் வலப்புறம் வெற்றிடமாக இருக்கும். அந்த வெற்றிடத்தை அவர் ஒருபோதும் திட்டியதில்லை. நாம்தான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும்.

நான் சொல்லவந்த மாதத்தின் கடைசி வெள்ளிக்கு முன் இரண்டு முறை எங்கள் பள்ளி மஞ்சளில் நின்றிருந்தது. மூன்றாம் முறையும் நின்றால் நேரில் விளக்கம் தர வேண்டும். வெள்ளி மூன்றரை மணிக்கு ஒரு குழந்தையைத் தவிர எல்லோரும் பச்சை. அந்தக் குழந்தை நான்காம் வகுப்பு தர்ஷினி. அவளுடைய பெற்றோர் இருவரும் விசைத்தறியில் வேலை செய்பவர்கள். தாய்மாமன் திருமணத்துக்காகக் குமாரபாளையம் போனவர்கள் பத்து நாளாகத் திரும்பவில்லை. பன்னிரண்டில் ஐந்து ஆட்டம் முடித்திருந்தாள். ஏழு பாக்கி.

அறையில் நான் தனியாக இருந்தேன். அவளுடைய குடைப் படத்தைத் தொட்டேன்.

எண்ணிக்கையை நிரப்புவது மட்டும்தான் என் நோக்கம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழந்தையைப் போல மெதுவாக, ஒன்றிரண்டு தவறாகத் தொட்டுவிடலாம் என்றுதான் தொடங்கினேன். ஆனால் ஆறெட்டு என்று வந்தபோது நாற்பத்தாறைத் தொட என் விரல் போகவில்லை. இத்தனை ஆண்டுகள் சரியான விடையையே சொல்லிப் பழகிய கை. பொய் செய்ய உட்கார்ந்தவனுக்குத் தவறான விடை கூசியது. ஒவ்வொன்றையும் ஒரே நொடியில் தொட்டேன். ஏழு ஆட்டத்திலும் லாரி ஒரு வளைவு கூடச் சரியாமல் உச்சிக்கு ஏறியது. நான்கு மணிக்கு டேப்லெட்டைச் சன்னலில் வைத்தேன். குடைப் படம் பச்சையானது.

உள்ளே வந்த பரிமளா டீச்சர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இருவது வளைவையும் ஒரே மூச்சுல ஏத்திப்போட்டா போலிருக்குதுங்களே சார், லாரி ஓனராட்ட. புள்ள எப்போ வந்துச்சுங்க?” என்றார். நான் டேப்லெட்டை எடுத்து பீரோவில் வைத்தேன். அவருடைய சிரிப்பு பாதியில் நின்றது.

திங்கட்கிழமை காலை வட்டார அலுவலகத்திலிருந்து எழுத்தர் தொலைபேசியில் அழைத்தார். உங்கள் பள்ளி தர்ஷினிதான் இந்த மாதம் ஒன்றியத்திலேயே வேகத்தில் முதல் என்றார். வியாழக்கிழமைத் தலைமை ஆசிரியர் கூட்டத்தில் அந்தக் குழந்தை பெரிய திரையில் ஒரு ஆட்டம் ஆடிக் காட்ட வேண்டும், தாயாரையும் அழைத்து வாருங்கள், அம்மா சொல்லச் சொன்னார்கள் என்றார். நான் ரிசீவரை வைப்பதற்குள் செய்தி சத்துணவுக் கூடம்வரை போய்விட்டது. பத்து மணிக்குத் தர்ஷினி திருமணத்திலிருந்து மருதாணிக் கையோடு வந்து சேர்ந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே மற்ற குழந்தைகள் சூழ்ந்துகொண்டார்கள்.

அவள் டேப்லெட்டை வாங்கிக் குடையைத் தொட்டபோது நான் பின்னால் நின்றேன். பழைய மலையாக இருந்தால் முதல் வளைவில் இரண்டாம் ஐந்தாம் வாய்பாடுகள் வரும், பத்து நொடி காத்திருக்கும். இப்போது முதல் வளைவிலேயே எட்டேழ் நின்றது. மூன்று நொடி. அவள் உதடு ‘ஓரேழ்’ என்று அசைவதற்குள் லாரி அடிவாரத்துக்குச் சரிந்தது. அடுத்தது ஒன்பதாறு. சரிந்தது. நான் ஒரே நொடியில் சொன்ன கையை அந்த விளையாட்டு அவள் கை என்று நம்பிவிட்டது. அதற்குத் தக்கபடி மலையைச் செங்குத்தாக்கி வைத்திருந்தது.

ஆறாவது முறை சரிந்தபோது அவள் டேப்லெட்டைத் துணியால் துடைத்தாள். அழுக்கு என்று நினைத்தாளோ என்னவோ. பிறகு அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள்.

“எனக்கு எல்லாம் மறந்துபோச்சுங்க சார்,” என்றாள்.

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயிற்சி எடுத்தால் வந்துவிடும் கண்ணு என்று சொன்னேன்.

செவ்வாயும் புதனும் நான் செய்ததை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. மற்ற பாடங்களை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையை என் அறையில் உட்கார வைத்தேன். மூன்று நாளில் அவளை நான் ஆடிய உயரத்துக்கு ஏற்றிவிட்டால் பொய் மெய்யாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். அட்டையில் கணக்கை எழுதி நீட்டுவேன். அவள் முணுமுணுப்பாள். முணுமுணுக்காதே, நேராகச் சொல் என்பேன். முணுமுணுக்கக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். புதன் மதியத்துக்குள் அவள் ஏற்கெனவே திடமாகச் சொல்லி வந்த மூவைந்து பதினைந்துகூடத் தடுமாறத் தொடங்கிற்று. விடை சொல்லும்முன் என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ஒரு குழந்தை எண்ணைப் பார்க்காமல் ஆசிரியர் முகத்தைப் பார்த்து விடை சொல்லத் தொடங்கினால் அங்கே கணக்கு முடிந்துவிட்டது என்று பொருள்.

பரிமளா டீச்சர் வாசலில் வந்து நின்று, அந்தப் புள்ளையக் கொஞ்சம் வெளியே விடுங்க சார், தண்ணி குடிச்சிட்டு வரட்டும் என்றார். அவள் போனபின், வேறு குழந்தையைக் குடை என்று சொல்லி மேடை ஏற்றிவிடலாமா என்று நான் கேட்டேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் எதைக் கேட்டேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“ஒண்ணு மறைக்க இன்னொண்ணுங்களா சார்?” என்றார். பிறகு, “நீங்க அப்படிப்பட்டவரு இல்லைங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டாவதாகச் சொன்னதுதான் அதிகம் தைத்தது.

மாலை நான்கு மணிக்கு அவளுடைய தாயார் தறியிலிருந்து நேராக வந்தார். காதில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது. புதுச்சட்டை வாங்கியாயிற்று, வியாழக்கிழமை தறிக்கு விடுப்புச் சொல்லியாயிற்று என்று சொன்னவர் அதற்குமேல் தொடராமல் நின்றார். என்ன என்று கேட்டேன்.

“சோறு வெச்சா தட்டப் பாத்துக்கிட்டே ஓரேழு ஏழுங்கறாளுங்க. ஒரு வாய் உள்ள போகலைங்க. மேடையில தப்பாப் போயிட்டா எல்லாரும் சிரிப்பாங்களான்னு கேக்கறா. முந்தியெல்லாம் லாரி ஓட்டறேன்னு ஆசையாத்தானுங்க வந்துட்டிருந்தா. இப்போ என்னாச்சுங்க சார்?”

நாளைக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலை வழக்கம்போல் சிவன் கோயிலில் மாலை வழிபாட்டுக்கு ஓத நின்றேன். நாற்பது ஆண்டுகளாக நான் தடுமாறாத பதிகம். மூன்றாம் பாட்டில் நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். மறுபடி அதே இடம். குருக்கள் திரும்பிப் பார்த்தார். இறைவன் என்னைத் தண்டித்தான் என்று எழுத மாட்டேன். அவ்வளவு பெரிய சொல்லுக்கு நான் தகுதியில்லை. ஒரு நாவில் பொய்யும் பதிகமும் சேர்ந்து இருக்க இடமில்லை என்று மட்டும் தெரிந்தது. அடிகள் மறந்துபோகவில்லை. எனக்கு அவற்றைச் சொல்லத் துணிவு வரவில்லை. அந்தக் குழந்தைக்கும் அப்படித்தான் நேர்ந்திருக்கிறது என்பது அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கும் எதுவும் மறக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். சொன்னால் ஏன் என்பதையும் சொல்ல வேண்டும்.

வியாழன் காலை எட்டே முக்காலுக்கு மூவரும் பேருந்தில் ராசிபுரம் போனோம். தர்ஷினி சன்னலோரம் உட்கார்ந்து வழியிலிருந்த லாரிகளின் எண்களை எல்லாம் பார்த்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். கூட்ட அரங்கில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சுவரில் பெரிய திரையில் மலையும் லாரியும் ஏற்கெனவே நின்றன. முதல் வரிசையில் தாயையும் மகளையும் உட்கார வைத்தார்கள். கூட்டம் தொடங்கப் பத்து நிமிடம் இருந்தது. நான் அம்மையார் அறைக்குப் போனேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். அந்தக் குழந்தை கடைசி ஏழு ஆட்டத்தை ஆடவில்லை, அப்போது அவள் ஊரிலேயே இல்லை என்றேன். அவர் வெள்ளைத் தாளை எடுத்துக் கோடு இழுத்தார். இடப்புறம் எழுதினார்.

“யார் பாத்தது?”

“யாரும் பாக்கலைங்கம்மா. நான்தான் ஆடுனேன்.”

பேனா நின்றது. வலப்புறம் அவர் எதுவும் எழுதவில்லை. அந்தத் தாளை என் பக்கமாகத் திருப்பி, பேனாவையும் தந்து, “உங்க கையாலயே எழுதுங்க,” என்றார். எழுதினேன். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை ஆட்டம், ஏன் என்று நான்கு வரி. ஏன் என்ற வரியை எழுதும்போது மட்டும், முந்தைய இரண்டு மாதம் மஞ்சள் என்று எழுத வந்த கையை நிறுத்தி, ‘விளக்கம் தர அஞ்சி’ என்று எழுதினேன். அவர் படித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

“அந்தக் குழந்தைகிட்ட சொல்லிட்டீங்களா?”

இல்லை என்றேன்.

“அப்போ இதை என்கிட்ட கொண்டுவந்தது முறையில்லையே. முதல்ல அங்க சொல்லிட்டு வாங்க. கூட்டம் காத்திருக்கும்.”

முப்பத்தாறு ஆண்டுப் பணியில் எத்தனையோ அதிகாரிகள் முன் நின்றிருக்கிறேன். அந்த அறையிலிருந்து முதல் வரிசைவரை நடந்த இருபது அடி தூரம் போல எதுவும் இருந்ததில்லை. தாயையும் மகளையும் வெளியே வராண்டாவுக்கு அழைத்தேன். குழந்தையின் கண் மட்டத்துக்குக் குனிய முழங்கால் இடம் கொடுக்கவில்லை. தரையில் உட்கார்ந்தேன். நீ ஊருக்குப் போயிருந்தபோது உன் குடையைத் தொட்டு நான் ஏழு ஆட்டம் ஆடிவிட்டேன் என்றேன். அதனால்தான் மலை உனக்குச் செங்குத்தாகிவிட்டது, நான் செய்தது தவறு என்றேன்.

அவள் மருதாணி வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ எனக்கு மறக்கலைங்களா சார்?”

“ஒண்ணும் மறக்கலை சாமி.”

அவள் மூச்சை வெளியே விட்டாள். பிறகு தாயின் முந்தானைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். தாயார் என்னைக் கைகொடுத்துத் தூக்கவில்லை. நானே சுவரைப் பிடித்து எழுந்தேன்.

“மூணு நாளா புள்ள சோறு திங்கலைங்க,” என்றார் அவர். “நேத்து நான் வந்து கேட்டனே, அப்பவாச்சும் சொல்லியிருக்கலாமுங்களே.”

அவர் மகளை அழைத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடந்தார். கூட்டத்துக்கு நான் மட்டும் போனேன்.

அம்மையார் திரையை அணைக்கச் சொன்னார். நான் எழுதிய தாளைப் பெயரில்லாமல் படித்தார். பிறகு துண்டுத்தாள்களைக் கொடுத்தனுப்பினார். ஆசிரியர் பெயர் வேண்டாம், பள்ளிப் பெயர் வேண்டாம், யாருடைய ஆட்டத்தை வேறொருவர் ஆடினார்களோ அந்தக் குழந்தையின் பதிவு எண் மட்டும் எழுதி இந்தச் சாக்பீஸ் பெட்டியில் போடுங்கள், அந்தக் குழந்தைகளுக்கு ஆட்டத்தை முதலிலிருந்து திறக்க வேண்டும், இல்லாவிட்டால் மலை அவர்கள் மேலேயே சரியும் என்றார். எண்ணை வைத்துப் பள்ளியைக் கண்டுபிடித்துவிட முடியாதா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

“முடியும்,” என்றார் அம்மையார். “நான் தேட மாட்டேன்.”

எனக்குப் பக்கத்தில் இருந்தவருடைய பள்ளி தொடக்கத்திலிருந்தே பச்சையை விட்டு இறங்கியதில்லை. அவர் வெகுநேரம் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பிறகு எழுதத் தொடங்கினார். எழுதிக்கொண்டே போனார். கடைசியில் இன்னொரு துண்டுத்தாள் கேட்டு வாங்கினார். பெட்டி மேசைக்குத் திரும்பியபோது மூடி மூடவில்லை.

எனக்கு விளக்கம் கேட்டு முறைப்படி குறிப்பாணை வந்தது. பணிப்பதிவேட்டில் கண்டனம் பதிவானது. பெயரோடு எழுதிக் கொடுத்தவன் நான் ஒருவன் என்பதால் நடவடிக்கையும் என்னோடு நின்றது. அதில் எனக்குக் குறையில்லை. மறுமாதம் எங்கள் ஒன்றியத்தில் பாதிப் பள்ளிகள் மஞ்சளில் நின்றன. யாரையும் நேரில் அழைத்து விளக்கம் கேட்கவில்லை. யாருடைய ஆட்டம் ஏன் நின்றது என்று குழந்தை வாரியாக எழுதித் தரச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

தர்ஷினியின் மலை முதல் வளைவுக்கு இறங்கியது. மூன்று நாள் அவள் டேப்லெட்டைத் தொடவில்லை. நானும் பரிமளா டீச்சரும் வற்புறுத்தவில்லை. ஓதுவதை மட்டுமே நம்புவதை நான் நிறுத்தினேன். வாய்பாட்டை இராகத்தோடு ஒருமுறை ஓதிவிட்டு, பிறகு அதை உடைத்து எடுக்கப் பழக்கினோம். எட்டேழ் தெரியவில்லையா, ஏழேழ் தெரியுமே, அதன்மேல் ஒரு ஏழை வை என்று பரிமளா டீச்சர் சொல்லிக்கொடுத்தார். நாற்பத்தொன்பது, அதோடு ஏழு, ஐம்பத்தாறு. முதலில் அந்த வழியாக வருவார்கள். பல நாள் போய் வந்தபின் வழியே தேவைப்படாது, ஐம்பத்தாறு தானாக வந்து நிற்கும். அந்த விளையாட்டு செய்வதும் அதைத்தான். பழகிய கணக்குகளுக்கு நடுவே புதியதைக் கொண்டுவந்து நிறுத்தி, மறக்கும் முன் மறுபடி கேட்டு, குழந்தை தயாரான பின்பே நேரத்தைச் சுருக்குகிறது. நாளுக்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடமும் குழந்தையினுடையதாக இருக்க வேண்டும். இளைய ஆசிரியை கேட்ட கேள்விக்கு என் விடை இதுதான் அம்மா. விடுபட்ட குழந்தையைச் சிவப்பிலேயே விடுங்கள். சிவப்பு அந்தக் குழந்தை எங்கே நிற்கிறது என்று சொல்லும் நிறம். அதை மாற்றினால் அவள் நிற்கும் இடம் நமக்குத் தெரியாமல் போய்விடும்.

நான்காம் நாள் தர்ஷினி வந்து குடையைத் தொட்டாள். ஒரு ஆட்டம் ஆடினாள். முடித்ததும் பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து என் மேசைமேல் வைத்தாள். முதல் பக்கத்தில் தேதி போட்டு, பக்கத்தில் நான்கு என்று எழுதியிருந்தாள்.

“லாரி நாலாவது வளைவுல நிக்குதுங்க சார். நாளைக்கு நான் வரும்போதும் நாலாவதுலதான் நிக்கோணும். கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். மறுநாள் காலை அவள் டேப்லெட்டையும் நோட்டையும் அருகருகே வைத்துச் சரிபார்த்த பின்பே தொடங்கினாள். அன்றிலிருந்து பள்ளி நடந்த ஒவ்வொரு நாளும் ஆட்டம் முடிந்ததும் வளைவு எண், என் கையெழுத்து. நான் மறந்தால் வகுப்பு முடிந்தும் வாசலில் நிற்பாள். தலைமை ஆசிரியர்கிட்ட தினமும் கையெழுத்து வாங்குற அதிகாரி இந்த ஒன்றியத்துலயே இவ ஒருத்திதானுங்க என்று பரிமளா டீச்சர் சொல்வார். தர்ஷினி அதற்குச் சிரிக்க மாட்டாள். இரண்டாம் மாதம் நோட்டு தீர்ந்து வேறு நோட்டு வந்தது. தாயார் பள்ளிப் பக்கம் வந்தால் என்னிடம் பேசாமல் பரிமளா டீச்சரிடமே பேசிப் போவார்.

என் கடைசி வேலைநாள் அந்தக் கல்வியாண்டின் முடிவில் வந்தது. மாலை போட்டு, வேட்டி கொடுத்து, பேச்செல்லாம் முடிந்தபின் தர்ஷினி அன்றைய ஆட்டத்தை ஆட உட்கார்ந்தாள். அவள் அப்போது ஏழாம் வாய்பாட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வளைவில் எட்டேழ் நின்றது. உதடு அசையவில்லை. ஐம்பத்தாறைத் தொட்டாள். அடுத்த வளைவுக்குப் போய்விட்டாள். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. பதினாறில் லாரி நின்றது. நோட்டில் பதினாறு என்று எழுதி என்னிடம் நீட்டினாள். மாலையை ஒதுக்கிக்கொண்டு கையெழுத்திட்டேன்.

நோட்டை வாங்கியவள் அதை மூடாமல், மறுநாளிலிருந்து பள்ளிப் பொறுப்பை ஏற்கவிருந்த பரிமளா டீச்சரிடம் கொண்டுபோனாள்.

“இனிமே நீங்க போடோணுங்க டீச்சர்.”

“போடறேன் கண்ணு,” என்றார் அவர்.

தர்ஷினி நகரவில்லை. புதுப் பக்கத்தைப் புரட்டி, பேனாவையும் நீட்டினாள்.

“உங்க கையெழுத்து எப்படி இருக்கும்னு ஒண்ணு போட்டுக் காட்டுங்க.”

பரிமளா டீச்சர் என்னை ஒருமுறை பார்த்தார். சிரிக்கவில்லை. பேனாவை வாங்கிப் பக்கத்தின் மேலே முழுப் பெயரையும் நிறுத்தி எழுதிக் கீழே கோடிட்டார். குழந்தை அதை ஊதிக் காயவைத்தாள். பிறகு நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.